சாப்பாட்டுப் பெட்டிக்குள் அரசாங்கமா?

நாம் கட்டிக் கொடுக்கும் 'மட்பக்க'வை (மதியச் சாப்பாட்டுப் பொதியை) அரசாங்கம் பார்த்துத் தடுக்குமோ என்று புதிதாக வந்த குடும்பங்கள் பயப்படுகின்றன.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. விபோர்க்குக்குக் கிழக்கேயுள்ள றண்டர்ஸில், 2016 ஜனவரியில், நகரசபை ஒரு தீர்மானத்தை 16க்கு 15 வாக்குகளால் நிறைவேற்றியது. பொது நிறுவனங்களின் உணவில் பன்றியிறைச்சி உட்பட டெனிஷ் சாப்பாட்டுக்கு இடம் இருக்கவேண்டும் என்பதே அது. அது அங்கு பரிமாறும் உணவைப் பற்றியது. வீட்டில் கட்டும் பொதியைப் பற்றியதல்ல.

பொதிக்கு, உணவுத் திணைக்களம் ஐந்து விரல் கணக்கொன்று சொல்கிறது: மரக்கறி, பாண், பாணுக்குள் வைப்பது, மீன், பழம். இது ஆலோசனை, சட்டமல்ல. கறுத்தப் பாணுக்குள் முட்டையும் நமது மீன் பிரட்டலும், பக்கத்தில் ஒரு கரட், ஒரு அப்பிள். ஐந்தும் சரி.

இனிப்பு, சோடா வேண்டாம் என்று சில பாடசாலைகள் விதி வைப்பதுண்டு. பாடசாலைச் சபையில் பெற்றோரே பெரும்பான்மை. ஆகவே கடிதம் வந்தால் பேசாமல் இருக்காமல் போய்க் கேட்போம்.

வெட்கத்தால் பிள்ளை சாப்பிடாமல் இருப்பதுதான் பெரிய கேடு. மாலையில் பெட்டியைத் திறந்து பார்ப்போம். மிச்சமிருந்தால் ஏசாமல் காரணம் கேட்போம்.