அறை மூன்று மணிக்குத்தான்

சென்ற இதழில் வந்த என் வியன்னாக் கட்டுரையைப் பாராட்டிக் கடிதம் எழுதிய நண்பர்கள் மன்னிக்க வேண்டும். அந்தக் கட்டுரை பொய். தகவல்கள் எல்லாம் சரிதான். மிஹாயெலர் சதுக்கத்தில் அடோல்ஃப் லூஸ் கட்டிய வீடு இருக்கிறது. கலை வரலாற்று மியூசியத்தில் ப்ரூகலின் வேட்டைக்காரர்கள் பனியில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் விழித்த பிரக்ஞையோடு பார்த்துத் திளைத்ததாகக் கட்டுரையில் ஒருவன் வருகிறானே, அவன்தான் பொய். அப்படி ஒருவன் அன்று வியன்னாவில் இல்லை.

வாரப் பத்திரிகைப் பயணத் தொடர்களைப் பற்றி நாம் சிரிக்க வேண்டிய அளவு சிரித்தாகிவிட்டது. ஐஃபல் கோபுரத்தை உள்ளங்கையில் ஏந்திய போட்டோ, எந்த ஊரானாலும் "சுத்தமோ சுத்தம்", மூன்றாவது பாராவில் இட்லி ஏக்கம். (ஏ. கே. செட்டியாரைத் தனியே வைத்துவிடலாம். அவர் தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளாதவர்.) ஆனால் சிறுபத்திரிகைக்காரன் வெளியூர் போனால் என்ன எழுதுகிறான்? கோபுரம் இருந்த கையில் ப்ரூகலை வைத்துக்கொள்கிறான். போஸ் அதேதான். வாரப் பத்திரிகைக்காரனாவது காலை எத்தனை மணிக்குக் காபி குடித்தான் என்று சொல்கிறான். நமக்கு அதுகூட இழுக்கு.

அன்று நடந்தது இது. 2023 ஜூன். இரவு முழுக்க விமானத்தில் தூங்காமல் காலையில் இறங்கினோம். நான், மனைவி, எட்டு வயது மகள், அம்மா. ஹோட்டலில் பெட்டிகளை வாங்கி வைத்துக்கொண்டு, அறை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் என்றார்கள். ஐரோப்பிய நகரத்தில் ஒரு குடும்பத்தின் முதல் நாள் சுற்றல் இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. ஆவலாவது, தாகமாவது! படுக்க இடம் கிடையாது, அதனால் ஊரைப் பார்க்கிறோம். நான் படித்த எந்தப் பயணக் கட்டுரையிலும் இந்தக் காரணம் இல்லை. என்னுடையதில், "விடிந்ததும் நகரம் எங்களை அழைத்தது" என்று எழுதியிருந்தேன். அச்சில் பார்த்தபோதுகூட எனக்குக் கூசவில்லை.

கோடையில் வியன்னா நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அமெரிக்கா போய்வந்தவர்கள் இதெல்லாம் ஒரு ஜெட்லாக்கா என்பார்கள். தூக்கமும் இல்லாமல் போனால் இதுவே போதும். பழ ஈயின் உடம்பில் பகலையும் இரவையும் நடத்துகிற மரபணுவை ஆராய்ந்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். ஈக்குக்கூட இருக்கிற உடம்பு தமிழ்ப் பயணக் கட்டுரையாளனுக்கு இல்லை.

லூஸ் வீட்டின் எதிரே நின்றபோது மணி ஒன்பதரை. கீழே பச்சை நரம்போடிய சலவைக்கல் தூண்கள், மேலே வெறும் வெள்ளைச் சுவர், எதிரே அரண்மனையின் அத்தனை ஜோடனை. ஜன்னலுக்கு மேல் ஒரு பூவேலைகூட இல்லையே என்று 1910-இல் நகராட்சி கட்டட வேலையையே நிறுத்தியது. கடைசியில் ஜன்னல்களில் பூந்தொட்டி வைக்கச் சம்மதித்து லூஸ் சமாதானமானார். அலங்காரம் எப்படி ஒரு பொய் என்று நான் மனைவிக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். அம்மா கேட்டாள்: "ஏண்டா, சர்க்கரை மாத்திரையை நம்ம ஊர் மணிக்குப் போட்டுக்கவா, இந்த ஊர் மணிக்கா?"

அன்று கேட்கப்பட்டவற்றில் அர்த்தமுள்ள கேள்வி அது ஒன்றுதான். நம் ஊரில் அப்போது மணி ஒன்று, அவள் சாப்பாட்டு நேரம். "ஏதாவது ஒண்ணு போட்டுக்கோம்மா" என்றேன். நம் ஊர் மணிக்குப் போட்டுக்கொண்டாள். சாப்பாடு இந்த ஊர் மணிக்கு என்பதை நான் யோசிக்கவில்லை.

அரண்மனை முற்றங்களைக் கடந்து மியூசியத்துக்கு நடந்தோம். ப்ரூகல் அறையில் அம்மாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நெற்றியில் வியர்வை, கை நடுக்கம். சோபாவில் உட்காரவைத்து, மனைவி பையில் துழாவி, விமானத்தில் கொடுத்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டாள். மகள் பாட்டி மடியில் சரிந்து, வாய் திறந்தபடி தூங்கிப்போனாள். ப்ரூகல் 1565-இல் பருவங்களை வரைந்த வரிசையில் மூன்று படங்கள் வியன்னாவில் இருக்கின்றன. மரத்தடியில் கால் பரப்பித் தூங்கும் அறுவடைக்காரன் உள்ள படம் நியூயார்க்கில். ஆக வியன்னாவில் அந்தக் காலியிடத்தை நிரப்பியவள் என் மகள். இது இப்போது தோன்றுவது. அப்போது நான் செய்தது அவள் தோளைப் பிடித்து உலுக்கி, "இதைப் பார்க்க எவ்வளவு தூரம் வந்திருக்கோம் தெரியுமா" என்று அதட்டியது. அவளுக்கு டிக்கெட்கூட இல்லை, குழந்தைகளுக்கு அங்கே இலவசம். எங்கள் இரண்டு மூன்று டிக்கெட்டை ரூபாயில் பெருக்கிப் பார்த்த குமாஸ்தா புத்திதான் அதட்டியது. கட்டுரையில் அவள் பனியின் முன் மௌனமாக நின்றாள். அம்மா கைகூப்பினாள்.

கால் மணி கழித்து அம்மாவுக்குத் தெளிந்தது. எதிரே இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "பாவம், இந்த நாய்க்கெல்லாம் கால் நோவுது."

படத்தை மறுபடி பாருங்கள். தலை தொங்கிய நாய்கள், முதுகு காட்டி நடக்கும் மூன்று மனிதர்கள், இத்தனைக்கும் கிடைத்தது ஒரே ஒரு நரி. என் கட்டுரையில் அந்தப் படத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன். வெளி, ஒளி, மனிதனின் சிறுமை, பிரபஞ்ச மௌனம் எல்லாம் இருந்தன. நாய்கள் இல்லை. நகராட்சிக்காக வைத்த பூந்தொட்டிகள் அந்த இரண்டு பக்கமும்.

மூன்று மணிக்குச் சாவி கொடுத்தார்கள். அறையில் மனைவி ஹோட்டல் காகிதம் ஒன்றை எடுத்து, அம்மாவின் மாத்திரைகளை இரண்டு பத்தியாக, நம் ஊர் மணி, இந்த ஊர் மணி, பக்கத்தில் என்ன சாப்பாடு என்று நான்கு நாளைக்குக் கணக்குப் போட்டு எழுதினாள். அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது. ஆசிரியர் இடம் கொடுத்தால், சென்ற இதழின் கட்டுரையை அடித்துவிட்டு அதைப் போட்டுக்கொள்ளலாம்.