பெயருள்ள தோட்டமும் பெயரற்ற விவசாயியும்

மத்திய அமெரிக்க நாடான பனாமாவில் 2025 ஆகஸ்டில் நடைபெற்ற ஏலத்தில், 'ஹசியெண்டா லா எஸ்மரால்டா' என்ற தோட்டத்தில் விளைந்த 20 கிலோ காபிக் கொட்டையை, துபாய் நிறுவனம் ஒன்று கிலோவுக்கு 30,204 டாலர் கொடுத்து வாங்கியது. அதே ஆண்டு பிப்ரவரியில் அராபிகா காபி உலகச் சந்தையில் வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டபோதுகூட, அதன் விலை கிலோவுக்கு 10 டாலருக்குக் குறைவாகவே இருந்தது. ஏறத்தாழ மூவாயிரம் மடங்கு வேறுபாடு!

இதைச் செல்வந்தர்களின் விநோதம் என்று ஒதுக்கிவிடலாம். வாங்கியவருக்குக் கிடைக்கும் விளம்பரமும் அந்த விலையில் அடங்கியிருக்கிறது என்பது உண்மையே. ஆயினும், அத்தோட்டத்தின் பெயர் மதிப்புப் பெற்ற விதத்தில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

ஏலம் போன 'கெய்ஷா' ரகத்தின் தாயகம் எத்தியோப்பியா. இலைத்துரு நோயைத் தாங்கும் என்பதற்காக, கோஸ்டாரிகா வழியாக அது பனாமாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விளைச்சல் குறைவு என்பதால் விவசாயிகள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. பிற ரகங்களோடு கலந்தே விற்றனர். லா எஸ்மரால்டாவின் உரிமையாளர்கள், தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியிலும் பறித்த பழங்களைத் தனித்தனியே பதப்படுத்திச் சுவைத்துப் பார்த்தனர். உயரமான பகுதியில் நின்ற கெய்ஷா மரங்களின் காபியில் மட்டும் மல்லிகையை நினைவூட்டும் மணம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. 2004-இல் அது பனாமாவின் சிறந்த காபியாகத் தேர்வாகி, பவுண்டுக்கு 21 டாலர் என்ற அன்றைய சாதனை விலையை எட்டியது. மரமும் மண்ணும் முன்பே இருந்தவைதாம். கலக்காமல் பிரித்துப் பார்த்ததே புதிது.

சரக்கின் தரத்தை வாங்குபவரால் அறிய முடியாத சந்தையில் எல்லாச் சரக்குக்கும் சராசரி விலையே கிடைக்கும். அதனால் நல்ல சரக்கு படிப்படியாகச் சந்தையை விட்டு வெளியேறும். இதை 1970-இல் நிறுவிய ஜார்ஜ் அக்கர்லோஃப், பின்னர் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தியக் காபியின் வரலாறு இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. 1942-ஆம் ஆண்டின் காபிச் சட்டப்படி, விளைச்சலைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் ஐரோப்பியச் சந்தையை இழந்து தவித்த விவசாயிகளை அந்த ஏற்பாடு காப்பாற்றியது. ஆனால், அரை நூற்றாண்டுக்கு மேல் அது நீடித்தபோது, விளைவித்தவரின் பெயர் தொகுப்பில் கரைந்துபோனது. 1990-களில் படிப்படியாகக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்ட பின்னரே சிக்கமகளூரு, குடகு, ஏற்காடு தோட்டங்கள் தத்தம் பெயரில் காபியை விற்கத் தொடங்கின.

இந்தச் சுதந்திரத்தின் பயன் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததா என்பதே இன்றைய கேள்வி. இந்தியக் காபி நிலவுடைமைகளில் 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை 10 ஹெக்டேருக்கு உட்பட்டவை. பெருந்தோட்டத்துக்குச் சொந்தமாகப் பதப்படுத்தும் ஆலை, உலர்களம், சுவைப் பரிசோதனைக் கூடம் ஆகியவை இருக்கும். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரோ, உலர்த்திய பழத்தை உள்ளூர் வணிகரிடம் மூட்டையாகக் கொடுத்துவிடுகிறார். வாரியத்தின் தொகுப்பில் கரைந்த அவர் பெயர், இப்போது வணிகரின் கிடங்கில் கரைகிறது.

பறிப்பவரின் நிலையும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 100-க்கு 80 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெற்றால்தான் 'சிறப்புக் காபி' என்ற தகுதி. அதற்குப் பழுத்த பழத்தை மட்டுமே பறிக்க வேண்டும். ஒரே செடிக்குப் பலமுறை திரும்பி வரவேண்டும். எடைக்குக் கூலி என்றால், காயையும் சேர்த்து உருவுபவருக்கே கூடுதல் வருவாய். தரத்துக்கு விலை பெறும் தோட்டம் தரத்துக்குக் கூலி கொடுக்காவிட்டால், அது நியாயமுமன்று, நீண்டகாலத்தில் இலாபமுமன்று.

தீர்வு நம் அண்டை மாநிலத்திலேயே இருக்கிறது. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடிச் சிறு விவசாயிகள் கூட்டுறவாக இணைந்து, பழத்தைப் பொது ஆலையில் பதப்படுத்தி, தங்கள் மண்ணின் பெயரிலேயே விற்கின்றனர். 2019-இல் அரக்குக் காபி புவிசார் குறியீடும் பெற்றது. ஒரு தோட்டத்தால் இயன்றதை ஒரு பள்ளத்தாக்கு சேர்ந்து செய்திருக்கிறது.

சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் இது இயலாததன்று. வட்டாரந்தோறும் ஒரு பொதுப் பதப்படுத்தும் நிலையம், ஒரு சுவைப் பரிசோதனைக் கூடம், தரத்துக்கேற்ற கொள்முதல் விலை ஆகிய மூன்றும் அமைந்தால் போதும். காடழிப்பைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய சட்டம், காபி விளைந்த நிலத்தின் புவியிட விவரத்தையே கேட்கிறது. அதன் அமலாக்கம் தள்ளிப்போடப்பட்டிருப்பது நமக்குக் கிடைத்த அவகாசம். நாளை, விளைந்த இடம் தெரியாத காபிக்கு விலை குறைவது மட்டுமல்ல, அங்கே சந்தையே இல்லாமல் போகக்கூடும். அதற்குள் சிறு விவசாயியின் பெயரையும் மூட்டையின் மேல் எழுத வழிசெய்ய வேண்டியது காபி வாரியத்தின், மாநில அரசின் கடமை.