வரைபலகை யாருக்கு?

தாராவியின் தோல் பட்டறையில் வெட்டுபவர் முன் கிடக்கும் ஆட்டுத்தோலுக்கு நேர்கோடு என்று எதுவும் இல்லை. ஓரிடத்தில் தழும்பு, ஓரிடத்தில் துளை, வயிற்றுப் பகுதியில் இழுத்தால் நீளும் மெலிவு. பையின் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டுப் பட்டை, கைப்பிடி ஆகியவற்றுக்கான அட்டைகளை எந்த இடத்தில், எந்தத் திசையில் வைத்தால் கழிவு குறையும் என்பதை, கத்தியை எடுக்கும் முன்பே அவர் மனதுக்குள் திருப்பிப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார். தட்டையான துண்டுகளில் தைத்து முடித்த பை அவர் கண்ணுக்குத் தெரிகிறது. இதையே அறிஞர்கள் இடஞ்சார் சிந்தனை என்கிறார்கள். எந்திரப் பொறியாளருக்கும் கட்டடக் கலைஞருக்கும் மூலக்கூறுகளை ஆராயும் வேதியியலாளருக்கும் இதுவே அடிப்படைத் திறன்.

ஆனால் உழைக்கும் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகப் பாலிடெக்னிக் செல்லும் இளைஞர் பலர், முதலாண்டிலேயே பொறியியல் வரைபடத் தாளில் தடுக்கி விழுகின்றனர். மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து என மூன்று தோற்றங்களைக் கொடுத்து முழுப் பொருளை வரையச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. "அது பிறவித் திறமை, சிலருக்கு வரும், சிலருக்கு வராது" என்பது வகுப்பறையில் எளிதாகச் சொல்லப்படும் விடை. திறமை என்ற சொல்லுக்குள் சாதியும் வர்க்கமும் ஒளிந்துகொள்ளும் விதங்களில் இதுவும் ஒன்று.

இந்த விடை தவறு என்று நிறுவப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி 1993இல் ஒரு குறுகிய பாடத்தைத் தொடங்கினார். வடிவங்களைத் திருப்பிப் பார்க்கும் தேர்வில் பின்தங்கிய பொறியியல் மாணவர்களுக்கானது அது. பின்தங்கியோரில் பெண்களின் விகிதம் அதிகம். கட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்து, வரைந்து பழகியவர்கள் தேறினார்கள், படிப்பிலும் நிலைத்தார்கள். 217 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான மதிப்பீடும் இத்திறனைப் பயிற்சியால் வளர்க்க முடியும் என்றே முடிவு கூறியது.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. 1974இல் தொடங்கப்பட்டு, இன்று செம்பூரை அடுத்த மான்கூர்டில் இயங்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில், அறிவியல் கற்றலில் காட்சி, இடம்சார் சிந்தனையின் பங்கை ஜெயஸ்ரீ ராமதாஸ் ஆராய்ந்துள்ளார். அதே மையத்தின் அரிந்தம் போஸும் கே. சுப்ரமணியமும், வீட்டுத்தொழில்கள் நிறைந்த மும்பைக் குடிசைப்பகுதி ஒன்றின் மாணவர்கள் பள்ளிக்கு வெளியே பெறும் கணித அறிவையும் அளவையறிவையும் பதிவு செய்துள்ளனர். அந்த அறிவு பள்ளியின் வாசலில் நின்றுவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

இதைச் சொல்லும்போது எச்சரிக்கையும் வேண்டும். பட்டறையே பள்ளி என்று புகழ்வது முதலாளிக்கு மிகவும் வசதி. குடும்பத் தொழிலில் குழந்தைகள் "உதவலாம்" என்று 2016ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கதவைத் திறந்தது. 2023இல் வந்த விஸ்வகர்மா திட்டம் 18 மரபுத் தொழில்களைப் பட்டியலிட்டு, அப்பன் தொழிலைப் பிள்ளைக்கே கட்டிவைக்கிறது. தோல் வெட்டுபவரின் மகள் அந்த அறிவைத் தாளுக்கும் கணினித் திரைக்கும் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே தொழிலாளி வர்க்கத்தின் கோரிக்கை.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வி.ஜே.டி.ஐ. இருக்கிறது. மில்கள் பெருகிய காலத்தில், 1887இல் தோன்றிய அந்நிறுவனம் 1923இல் மாட்டுங்காவுக்கு வந்தது. மூலதனத்துக்குத் தேவைப்பட்டபோது வரைபலகைகள் கிடைக்கவே செய்தன!

மகாராஷ்டிர அரசின் கலை இயக்ககம் நடத்தும் இண்டர்மீடியட் ஓவியத் தேர்வில் வடிவியல் வரைதலும் ஒரு பகுதி. தேறியவருக்குப் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண்ணும் உண்டு. தனியார் பள்ளிப் பிள்ளைகள் தனி வகுப்புக்குப் பணம் கட்டித் தயாராகின்றனர். எட்டு மொழிகளில் கற்பிக்கும் மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில், தமிழ்வழிப் பிள்ளைகள் உட்பட அனைவரையும் இத்தேர்வுக்கு இலவசமாகத் தயார்செய்ய வேண்டும். நிரந்தர ஓவிய ஆசிரியர், மரத்தாலான கன வடிவங்கள், ஒரு வரைகூடம் இவை பெருஞ்செலவல்ல.

அதானி குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்ட தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்தில் இந்தக் கோரிக்கைக்கு அவசரம் கூடியிருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததை நிரூபிப்போருக்குத்தான் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். மாடியில் வாழ்வோரும் பின்னர் வந்தோரும் வெளியே அனுப்பப்பட்டால், அவர்களது பிள்ளைகள் பட்டறையையும் இழப்பார்கள், பள்ளியையும் இழப்பார்கள். வீடு, தொழிற்கூடம் ஆகியவற்றுக்கான போராட்டக் கோரிக்கைகளில் பள்ளியின் வரைகூடமும் இடம்பெற வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. செம்பூரின் உர ஆலையிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் பிட்டராக, வரைவாளராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்ற தோழர்களால் நீல வரைபடத்தை வாசிக்கக் கற்றுத்தர முடியும். வாலிபர், மாணவர், மாதர் அமைப்புகள் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் இடம் ஏற்பாடு செய்தால் போதும். முதல் பாடத்துக்கு ஒரு முள்ளங்கியும் கத்தியும் போதும்: நேராக வெட்டினால் வட்டம், சாய்த்து வெட்டினால் நீள்வட்டம். வெட்டும் முன் பிள்ளைகள் அதைத் தாளில் வரைந்துவிட வேண்டும்.