வாயால் உறிஞ்சும் பெட்ரோல்



70 கொண்டை ஊசி வளைவு ஏறி கொல்லிமலையின் சோளக்காடு சந்தைக்கு வரும் வண்டிகள், பலாவும் மிளகு மூட்டையும் ஏற்றி முடிக்கும்வரை இன்ஜினை அணைப்பதில்லை. சுமை தூக்குபவர் புகைக்குழாய்க்கு நேரே நின்று மூச்சு வாங்குகிறார். பாரம் தூக்கும்போது மூச்சு ஆழமாக ஓடும். புகையும் அந்த அளவுக்கு உள்ளே போகும். டீசல் புகையின் நுண்துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்குகின்றன. பாதிப்பு இருமல், இளைப்போடு நிற்பதில்லை. டீசல் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது.

அதைவிட என்னைப் பதறவைப்பது ஒர்க்‌ஷாப்களில் நடப்பது. பைக் டேங்கில் டியூபை விட்டு, வாயால் உறிஞ்சி பெட்ரோல் எடுக்கிறார்கள் பையன்கள். கொஞ்சம் புரையேறினாலே போதும், நுரையீரல் புண்ணாகி நிமோனியா வரலாம். அப்போது வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பெட்ரோல் மறுபடி நுரையீரலுக்குள் இறங்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பெட்ரோல் எடுக்கக் கைப்பம்பு இருக்கிறது, விலையும் பெரிதில்லை. கர்ச்சீப் கட்டினால் தப்பிக்கலாம் என்பதும் தவறு. பெட்ரோல் ஆவியைத் துணி தடுக்காது.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. நல்ல திட்டம். அதேபோல, மலையிலுள்ள மெக்கானிக், டிரைவர், சுமை தூக்குபவர்களுக்கு ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்த நாமக்கல் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

டிரைவர் அண்ணன்களே, மூட்டை ஏறும்வரை இன்ஜினை அணைத்து வையுங்கள்.

- ஒரு வாசகர், சோளக்காடு, கொல்லிமலை