கம்பியில்லாச் சுவிட்சு வாங்கும் முன்...



இரவில் கம்போங் ராஜா பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மலைச்சரிவில் வரிசை வரிசையாக விளக்குகள் எரியும். கூடாரங்களுக்குள்ளே சாமந்தி. நீண்ட இருட்டு கிடைத்தால்தான் அது மொட்டு விடும். நடுச்சாமத்தில் வெளிச்சம் காட்டினால் மொட்டு தள்ளிப்போகும், தண்டு நீளும். விளக்கு நேரம் தவறினால் உழைப்பு வீண்.

கோலா தெர்லாவில் அப்படிப்பட்ட ஒரு பூத்தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவர் என்னைக் கேட்டார்: “தம்பி, ரிலே பலகை ஒண்ணு வாங்கினா விளக்கு, தண்ணி மோட்டார், வீட்டுச் சுடுதண்ணி எல்லாத்தையும் கணினியிலேயே போட்டு அணைக்கலாம்னு மகன் சொல்றான். வாங்கிக் கொடுக்கலாமா?”

நீர்மின் நிலையம் உள்ள ஊர்க்காரர் மின்சாரத்தைப் பற்றிக் கேட்பது பொருத்தம்தான். வாங்கிக் கொடுங்கள் அம்மா. ஆனால் நான்கு விஷயங்களைப் பார்த்து வாங்குங்கள்.

ரிலே என்பது சின்ன மின்காந்தம். கணினியின் கட்டளை வானொலி அலையில் வந்ததும் காந்தம் இழுக்கும், முனைகள் சேரும், 230 வோல்ட் பாயும்.

முதலாவது, ஆம்பியர். கருவியின் வாட் எண்ணை 230-ஆல் வகுங்கள். 10 வாட் விளக்கு இருபது என்றால் 200 வாட். ஒரு ஆம்பியர்கூட இல்லை. 3,000 வாட் சுடுநீர்க் கருவியோ 13 ஆம்பியர் இழுக்கும். மலிவான பல பலகைகள் 10 ஆம்பியர்தான் தாங்கும். மீறினால் முனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ‘அணை’ என்று கட்டளையிட்டாலும் அணையாது. மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு மின்சாரம் கேட்கும். அதற்குத் தனியாகக் காண்டாக்டர் வைத்து, ரிலே அதை மட்டும் இயக்கட்டும்.

இரண்டாவது, அலை. புளூடூத் ஓர் அறைக்குப் போதும். வைஃபை வீட்டுக்குச் சரி. தகரச் சுவர் குறுக்கிட்டால் தடுமாறும். இணையம் அறுந்தாலும் வீட்டு வைஃபையிலேயே வேலை செய்கிற பலகையைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அதை விற்ற கம்பெனி மூடிய அன்று பலகையும் மூடிவிடும். கூடவே வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள்.

மூன்றாவது, கரண்டு போய் வந்தால் ரிலே எந்த நிலையில் இருக்கும்? மோட்டாருக்கு ‘அணைந்த’ நிலைதான் நல்லது. நேரக்கணக்கு பலகையிலேயே இருக்கட்டும்; கணினி உறங்கினாலும் சாமந்திக்கு விளக்கு எரியும். கையால் போடும் சுவிட்சையும் கழற்றிவிடாதீர்கள்.

நான்காவது, உயிர். கூடாரத்தில் எப்போதும் ஈரம். திறந்த பலகையை அங்கே தொங்கவிடுவது எமனை விருந்துக்கு அழைப்பதாகும். தண்ணீர் புகாத பெட்டி, கசிவு மின்சாரத்தை உடனே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு இரண்டும் கட்டாயம். செருகி, சாக்கெட்டு வாங்கும்போது சிரிம் முத்திரையைப் பாருங்கள். 230 வோல்ட் பக்கத்து இணைப்பைப் பதிவு பெற்ற ஒயர்மேன் செய்யட்டும்.

பையன் முதலில் 5 வோல்ட்டில் ஒரு சின்ன விளக்கை ஏற்றிப் பழகட்டும். அந்தப் பலகை சில வாரம் தவறாமல் வேலை செய்த பிறகு பூத்தோட்டத்து விளக்கைப் பற்றி யோசிக்கலாம். சுடுநீர்க் கருவியை மட்டும் பழைய சுவிட்சிலேயே விட்டுவிடுங்கள் அம்மா. குளிர் ஊரில் அது இரண்டு நிமிட வசதி. அதற்காக வீட்டைப் பணயம் வைக்க வேண்டாம்.