ஒரு சொல்லின்மேல் தொடுத்த வழக்கு

கத்தோலிக்கர் அன்னை மரியாவை 'வொர்ஷிப்' செய்கின்றனர் என்பது ஆங்கிலம் பேசும் நாடுகளில் நம்மீது நெடுங்காலமாகச் சாட்டப்படும் குற்றம். ஆங்கிலச் சிறுநூல்களின் வழியே அது நம் வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஆங்கிலவழியில் பயிலும் நம் பிள்ளைகள் அதைக் கேட்டுத் திகைக்கின்றனர். பெரியவர்கள் சிலரோ, "நாங்கள் 'வொர்ஷிப்' செய்வதில்லை, 'வெனரேட்' செய்கிறோம்" என்று ஒரு சொல்லுக்கு மறுசொல் கொடுத்து ஒதுங்கிக்கொள்கின்றனர். குற்றச்சாட்டு நேர்மையானதன்று; விடையோ போதுமானதன்று என்பதே நம் கருத்து.

'வொர்ஷிப்' என்னும் சொல் ஆலயத்தில் பிறந்ததன்று. தகுதி, மதிப்பு என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து கிளைத்தது அது. தகுதியுடையார்க்கு உரிய மதிப்பையே அது முதலில் குறித்தது. 14ஆம் நூற்றாண்டின் விக்கிளிஃப் விவிலியத்தைப் பாருங்கள். தமக்குத் தொண்டு செய்வோரைத் தந்தை மதிப்பார் என்று இயேசு கூறுமிடத்தில் (யோவான் 12:26) அவ்விவிலியம் ஆளும் வினைச்சொல் இதுவே. சொல்லின் இன்றைய பொருளை அங்கே ஏற்றினால், கடவுள் மனிதனை ஆராதிக்கிறார் என்றாகிவிடும்! 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியமும், கடைசி இடத்தில் அமர்ந்த விருந்தினன் பந்தியிலுள்ளோர் முன் பெறும் பெருமையை (லூக்கா 14:10) இதே சொல்லால் குறிக்கிறது. நம்மைக் குற்றஞ்சாட்டுவோர் பலரும் உயிரெனப் போற்றுவது இந்த மொழிபெயர்ப்பையன்றோ?

இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டுச் செபநூலில், மணமகன் மணமகளை உடலால் 'வொர்ஷிப்' செய்வதாக வாக்களிக்கிறான். 1604இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் நடந்த மாநாட்டில் பியூரிட்டன்கள் இதைக் குறைகூறினர். ஆயினும் 1662ஆம் ஆண்டுச் செபநூலிலும் அச்சொல் நிலைத்து நின்றது. இங்கிலாந்தில் இன்றும் மாஜிஸ்திரேட்டை 'யுவர் வொர்ஷிப்' என விளிக்கும் மரபு உண்டு. இலண்டனின் பழைய தொழிற்சங்கங்கள் 'வொர்ஷிப்ஃபுல்' என்னும் அடைமொழியைத் தாங்கி நிற்கின்றன. அங்கெல்லாம் சிலைவழிபாட்டைக் காணாத கண்கள், மாதா சுரூபத்தின் முன் மட்டும் அதைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்?

சொற்கள் ஏறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு. மாந்தர்க்கு உரியதாயிருந்த 'வொர்ஷிப்' இறைவனிடம் ஏறிற்று. இறைவனுக்கு உரிய 'அடோர்' மிட்டாய்க்கும் பட்டுத்துணிக்கும் இறங்கிற்று. திருச்சபையும் இதை அறியும். ஆங்கிலத் திருப்பலி நூலின் 1973ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில், வானவர் கீதத்தில் 'வொர்ஷிப்' என்றிருந்தது, 2011இல் 'அடோர்' என மாறியது. புனிதர் நினைவைக் குறிக்குமிடத்தில் 'ஆனர்' போய் 'வெனரேட்' வந்தது. சொல் மாறியதால் நம் விசுவாசம் மாறிவிட்டதா? இல்லையே!

ஒரு சொல்லை நம்பி ஒரு சபையைத் தீர்ப்பிடுவதன் விளைவை வரலாறு முன்பே காட்டியிருக்கிறது. 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம், திருவுருவங்களுக்குச் செலுத்தும் வணக்கம் வேறு, இறைவனுக்கே உரிய ஆராதனை வேறு எனக் கிரேக்கத்தில் தெளிவாக வகுத்துரைத்தது. மேற்கே சென்ற இலத்தீன் மொழிபெயர்ப்போ குறையுடையது. இரண்டையும் பிரித்துக் காட்டாமல் வணக்கத்தையும் ஆராதனை என்றே அது பெயர்த்தது. அதைப் படித்த பிராங்கு மன்னர் சார்லமேனின் இறையியலார் கொதித்தெழுந்தனர். 794இல் பிராங்க்ஃபர்ட் சங்கம், நிசேயா சொல்லாததைச் சொன்னதாகக் கருதிக் கண்டித்தது. ஒரே விசுவாசத்தைக் கொண்டிருந்தோரை ஒரு சொல் பிரித்து நிறுத்தியது.

அப்படியானால் ஆராதனையை எதனால் அறிவது? கிரேக்கர் 'லாத்ரியா' என்பதற்கு ஈடான ஒற்றைச் சொல் இலத்தீனில் இல்லையெனப் புனித அகுஸ்தினார் 'கடவுளின் நகரம்' என்னும் நூலில் எடுத்துக்காட்டுகிறார். ஆனால் அவர் சொல்லோடு நின்றுவிடவில்லை. மறைசாட்சியரின் கல்லறைகள் மீது பீடங்கள் இருப்பினும், பலி செலுத்தப்படுவது மறைசாட்சியர்க்கன்று, அவர்களுடைய கடவுளுக்கே என்று சுட்டுகிறார். அளவுகோல் அதுவே. பலி எவருக்கோ, ஆராதனையும் அவருக்கே. மரியாவுக்கு எந்தப் பீடத்திலும் நாம் பலி ஒப்புக்கொடுப்பதில்லை. மரியாவோடு சேர்ந்து இறைவனுக்கே ஒப்புக்கொடுக்கிறோம். அன்னைக்குச் செலுத்தும் வணக்கம் இறைவனுக்குரிய ஆராதனையினின்று இயல்பிலேயே வேறுபட்டது என 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் மொழிந்தது.

இந்த வேறுபாடு தமிழ்க் கத்தோலிக்கருக்குப் புதிதன்று. நற்கருணைக்கு ஆராதனை என்கிறோம். மே மாதத்தை மாதா வணக்க மாதம் என்கிறோம். தெருவில் எதிர்ப்படும் அண்டை வீட்டாருக்கும் வணக்கம் சொல்கிறோம். ஆயினும் நல்ல சொல் வாய்த்ததாலேயே நாம் தப்பிவிட முடியாது. நற்கருணைப் பேழைக்கு முதுகைக் காட்டிச் சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்ற முந்துகிறவர், ஞாயிறு திருப்பலியை விட்டுவிட்டுத் தேர்ப்பவனிக்கு மட்டும் வருகிறவர் ஆகியோரைப் பார்த்து ஒருவர் ஐயுற்றால், அவருக்கு 'வெனரேட்' என்னும் சொல் விடையாகுமா? அன்னைமீது கொள்ளும் பக்தி பயனற்ற உணர்ச்சியோ வீண் நம்பிக்கையோ ஆகாது என அதே சங்கம் நம்மையும் எச்சரித்திருக்கிறது.

எனவே, குற்றஞ்சாட்டும் சகோதரரிடம் நாம் சொல்ல வேண்டியது இதுதான்: சொல்லை விட்டுவிட்டு, எங்கள் பீடத்தைப் பாருங்கள், அங்கே பலியாவது யார், அப்பலி யாருக்கு என்று பாருங்கள். இப்படி அவரைத் துணிந்து அழைக்க வேண்டுமானால், நம் முழங்கால்கள் முதலில் யார் முன் மடிகின்றன என்பதில் அவருக்கு ஐயம் எழாதிருக்க வேண்டும். அகராதி நமக்காகச் சாட்சி சொல்லாது. நம் வழிபாடுதான் சொல்ல வேண்டும்.