காம்புக்கு ஏற்ற கட்டை எது?

மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் காம்பு போடக் கருவேலங்கட்டை முன்போல் எளிதில் கிடைப்பதில்லை என்பது அடி அண்ணாமலைப் பக்கத்து உழவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் குறை. கடையில் இருப்பது தைலமரக் காம்பு. இல்லையேல் இரும்புக் குழாய். தைலமரம் காயும்போது முறுக்கிக்கொண்டு வெடிக்கும். குழாயோ வெயிலில் சுடும். ஒவ்வொரு வெட்டின் அதிர்ச்சியையும் அப்படியே மணிக்கட்டில் இறக்கும். நாள் முழுதும் வரப்பு வெட்டுபவரின் கையை நாம் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

'தேக்கில் போடலாமே' என்பார் சிலர். தேக்கு கதவுக்கு அழகு. ஓங்கி அடிக்கும் கருவிக்கு உகந்ததன்று. அமெரிக்கர் ஹிக்கரியையும் ஐரோப்பியர் ஆஷ் மரத்தையும் காம்புக்குத் தேர்ந்ததற்குக் காரணம் கடினம் மட்டுமன்று. அதிர்ச்சியைத் தாங்கி வளைந்து கொடுக்கும் குணமே. நம் கருவேலத்துக்கும் அக்குணம் உண்டு. மலைச்சரிவில் வளரும் உசிலையும் உறுதியானதே. ஆனால் மொட்டையாகிப் போன மலையில் மீண்டும் தழைக்கும் மரத்தைக் காம்புக்காக வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் கருத்து, ஏரிகளை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தையே எடுக்கலாம் என்பது. 1870களில் விறகுக்கென்று இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட மரம் அது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்ட செய்தியை யாவரும் அறிவோம். வெட்டியதெல்லாம் பெரும்பாலும் கரிமூட்டத்துக்கே போகிறது. வைரம் பாய்ந்த அதன் கட்டை கன மீட்டருக்குச் சுமார் 800 கிலோ கனக்கும். காயும்போது சுருக்கமும் குறைவு. இனத்தையே அழிப்பவனைக் 'கோடாலிக்காம்பு' என்று ஏசுவோமே, அந்த வசைக்கு இம்மரம் முழுத் தகுதி பெற்றுவிடும்!

கோணல் மரமாயிற்றே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் மண்வெட்டிக்கு வேண்டியது இரண்டரை, மூன்று அடிதான். ரேகை நீளவாக்கில் ஓடுகிறதா, கணு இல்லையா என்று பார்த்து எடுக்க வேண்டும். பச்சையாக மாட்டினால் காய்ந்ததும் காதில் ஆடும்; நிழலில் சில மாதம் காயவிட்டுச் செதுக்கி ஆப்பு அடிப்பதே முறை. ஆடும் காம்பைத் தண்ணீரில் ஊறப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஊதிய நார் இரும்பில் நசுங்கி, காய்ந்தபின் முன்னிலும் தளரும். அன்றைய வேலை ஓடும், அவ்வளவே.

விறகுச் சுமையிலிருந்து நேரான துண்டுகளைப் பிரித்து வைக்கும் வெட்டுக்காரருக்கு விறகு விலைக்கு மேல் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க முன்வர வேண்டியவர்கள் ஊர்த் தச்சரும் கருவிக் கடைக்காரரும்.